முகட்டுக் கல் மூக்கன்

முன்னொரு காலத்தில், மலைக்குக் காலும் ஆற்றுக்குப் பல்லும் இருந்த காலத்தில், வடக்கே தொடங்கித் தெற்கே முடியும் ஒரு நீண்ட மலை இருந்தது. இப்போதும் மலைக்குக் கால் உண்டு, ஆற்றுக்குப் பல் உண்டு. நின்று பார்க்கிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

அந்த மலைக்கு மேற்கே தாழைநாடு. அங்கே கடல் பக்கத்திலேயே இருந்தது. மலை சுவர் மாதிரி இறங்கும். முகட்டில் விழுந்த தண்ணீர் சோறு பொங்குகிற நேரத்துக்குள் கடலுக்குப் போய்விடும். அப்படி விழுந்தடித்து ஓடிய ஆற்றுக்குச் சீறாறு என்று பெயர். மலைக்குக் கிழக்கே ஏரிநாடு. அங்கே நிலம் பாய் விரித்த மாதிரி மெல்லச் சரியும். அந்தப் பக்கத்து ஆறு ஏழு நாள் நடந்து, எழுபது ஏரியை நிரப்பி, அலுத்துப்போய்த்தான் கீழைக்கடலைச் சேரும். அதற்கு நடையாறு என்று பெயர்.

இரண்டு நாட்டுக்கும் மலை யாருடையது என்று சண்டை. தாத்தா ராஜாக்கள் சண்டை போட்டார்கள், மகன் ராஜாக்கள் சண்டை போட்டார்கள், பேரன் ராஜாக்களுக்கு அலுத்துவிட்டது. முகட்டுக் குகையில் இருந்த மந்திரவாதி கரட்டுமாயனிடம் போய்த் தீர்ப்புக் கேட்டார்கள்.

"மழை பிரிகிற இடம்தான் எல்லை" என்றான் கரட்டுமாயன். "மேல்கடலுக்குப் போகிற துளி விழுந்த மண் தாழைநாட்டுக்கு. கீழைக்கடலுக்குப் போகிற துளி விழுந்த மண் ஏரிநாட்டுக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், பிரிகிற இடத்தில் கல் வையுங்கள். அந்தக் கல்லை இரண்டு நாட்டார் கையும் தொடக்கூடாது. தொட்ட நாட்டுக்கு மலையே கிடையாது. தொடுவதற்கென்று ஒரு குடும்பத்தை வையுங்கள். அந்தக் குடும்பம் பொய் சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன்."

அப்படியே வைத்தார்கள். குடம் ஊற்றுகிற குடும்பம் என்று ஒன்று முகட்டுக்குச் சற்றுக் கிழக்கே குடிசை போட்டது. வைகாசி கடைசி வெள்ளிக்கிழமை, மழைக்காலம் தொடங்கும் முன்பு, இரண்டு நாட்டு மணியக்காரர்களும் மலையேறி வருவார்கள். அவர்கள் பார்க்க மூன்று குடம் தண்ணீர். முதல் குடம் கல்லைக் கழுவ. இரண்டாம் குடம் முகட்டில் ஊற்றித் தண்ணீர் பிரிகிற இடத்தைக் கண்டுபிடிக்க. கல்லை அங்கே கொண்டுபோய் நிறுத்திய பிறகு, மூன்றாம் குடம் கல்லின் தலையில். பாதி மேற்கே வழியும், பாதி கிழக்கே வழியும். "சரிதானா?" "சரிதான்." மணியக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

நம் கதை நாயகி சடைச்சி இந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் வீட்டுக்காரர் பெயர் மூக்கன். நல்ல உழைப்பாளி. ஆசையும் கொஞ்சம் உண்டு. கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் ஏரிநாட்டிலிருந்து ஒருவன் வந்து அவன் காதில் ஏதோ சொன்னான். அந்த வருஷம் மூக்கன் குடம் ஊற்றினபோது மணியக்காரர்களின் பார்வையை மறைத்து நின்றுகொண்டு, தண்ணீர் பிரிந்த இடத்துக்கு ஒரு முழம் மேற்கே கல்லை நிறுத்தினான். மூன்றாம் குடத்தையும் கையை ஒரு மாதிரி சாய்த்து, இரண்டு பக்கமும் வழிகிற மாதிரி ஊற்றினான். ஒரு முழம் அகலம், மலை நீளம். ஏரிநாட்டுக்கு லாபம். மூக்கனுக்கு ஒரு செவலைப் பசு.

பசு வந்து சேர்ந்த அன்று கரட்டுமாயனும் வந்தான்.

"மூக்கா, கல் இருக்கிற இடத்தில்தான் தண்ணி பிரிஞ்சுதா?"

"ஆமா சாமி."

"இன்னொரு தடவை கேட்கிறேன். அங்கேதானா?"

"அங்கேதான் சாமி."

"மூணாந்தடவை. அங்கேதானா?"

மூக்கன் பசுவைப் பார்த்தான். "அங்கேதான்" என்றான்.

கரட்டுமாயன் கையிலிருந்த பிரம்பால் பழைய கல்லைத் தட்டினான். அது உருண்டு சீறாற்றுப் பள்ளத்தில் விழுந்தது. பிறகு மூக்கனைத் தட்டினான். "கல்லை நகர்த்தினவன் நீ. இனி நீயே கல். வானத்திலிருந்து உன் தலையில் விழும் மழை இரண்டு கடலுக்கும் பிரிந்து போகிற வரையில் கல்லாகவே நில். என்றைக்கு அத்தனை துளியும் ஒரே கடலுக்குப் போகிறதோ அன்றைக்கு எழுந்து போ."

தண்ணீர் பிரிகிற சரியான இடத்தில், இரண்டு முழ அகலத்தில், இடுப்பளவு உயரத்தில் ஒரு புதுக் கல் நின்றது. மந்திரவாதி குகைக்குப் போய்விட்டான். மூன்றாம் நாள் செவலைப் பசுவும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

சடைச்சி கேட்டவர்களிடமெல்லாம் அந்தச் சாபத்தைச் சொன்னாள். கேட்டவர்களெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். முகட்டில் நிற்கிற கல்லின் மேல் விழுகிற மழை பிரியாமல் எப்படி இருக்கும்? மலை எழுந்து நடந்தால்தான் உண்டு. "அது விடிகிற சாபமில்லை, தாயீ. வேறு வழியைப் பார்" என்றார்கள்.

வேறு வழி அவளுக்கு இல்லை. குடம் ஊற்றும் வேலை அவள் கைக்கு வந்தது.

அடுத்த வைகாசியில் மணியக்காரர்கள் வந்து பார்த்தால், கல் முகட்டில் இல்லை. ஒரு முழம் மேற்கே, சரிவில் நின்றது. ஏரிநாட்டு மணியக்காரர் கரைமேலழகர் வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்தார். "பாத்தீரா? போன வருஷம் திருட்டுத்தனமா வச்ச அதே பக்கம். கல்லான பிறகும் கை அரிப்புப் போகலை." தாழைநாட்டு மணியக்காரர் சங்கிலிமாடர் குடையைத் தட்டினார். "கல் சறுக்கிட்டுது. தூக்கி அதோட இடத்துல வை."

சடைச்சி முதல் குடத்தை ஊற்றினாள். தண்ணீர் பட்டதும் கல் பேசிற்று. குடத்துத் தண்ணீர் காலில் இறங்குகிற நேரம்தான் அதற்குப் பேச்சு இருந்தது.

"நான் நகரலை, சடைச்சி."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"மூணு தடவை பொய் சொன்ன வாய்தானே இது?" என்றாள் சடைச்சி. "கல்லாப் போயும் ஒரு எடத்துல நிக்க மாட்டீரா?" என்று கேட்டுவிட்டு, கடப்பாரையை அவர் இடுப்பில் கொடுத்து நெம்பினாள். உருளைக் கட்டை போட்டு, நெம்பி, தள்ளி, காலையில் தொடங்கியது உச்சிப்பொழுதில்தான் முடிந்தது. கல்லின் இடுப்பில் ஒரு தழும்பு விழுந்தது.

அடுத்த வருஷமும் கல் ஒரு முழம் மேற்கே நின்றது. "நான் நகரலை, சடைச்சி." "ஒரு எடத்துல நிக்க மாட்டீரா?" இரண்டாம் தழும்பு.

அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே. இப்படியே இருபது வருஷம், இருபது தழும்பு.

அவளுக்குக் கரட்டுமாயன் மேல் தீராத கோபம். தண்ணீர் எடுக்கப் போகிற வழியில்தான் அவன் குகை. ஒவ்வொரு நாளும் குகைக்கு எதிரில் வந்ததும் நின்று, அந்தப் பக்கம் திரும்பிக் காறித் துப்பிவிட்டுத்தான் போவாள். மந்திரவாதியை ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன் என்று சொன்னவர்கள் உண்டு. "அந்த மூஞ்சியில நான் முழிக்கமாட்டேன்" என்பாள். மறந்துவிடுவது பெரிய குணம் என்று சிலர் சொல்வார்கள். சொல்கிறவர்களுடைய வீட்டுக்காரரை யாரும் கல்லாக்கியிருக்க மாட்டார்கள். சடைச்சி துப்பியதில் ஒரு தப்பும் கிடையாது.

இருபத்தொன்றாவது வருஷம் வைகாசி மாதம், குடம் ஊற்றும் நாளுக்கு மூன்று நாள் முன்பு, சடைச்சி தண்ணீருக்காகச் சீறாற்றின் தலைப் பள்ளத்தில் இறங்கினாள். அங்கே ஒரு ஊற்று இருந்தது. ஊற்றுக்குப் பக்கத்தில், மண்ணைக் கொடுக்கால் அள்ளி அள்ளிப் பள்ளத்தில் எறிந்துகொண்டிருந்தது ஒரு கிழட்டுக் கல்நண்டு. அகலம் அரிசி புடைக்கிற சுளகு அளவு.

"ஏம்மா" என்றது நண்டு. "உனக்கும் எனக்கும் என்ன பகை?"

சடைச்சிக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கல்லோடு பேசிப் பழகினவளுக்கு நண்டு பேசுவது பெரிய காரியமா? "உன்னை நான் பாத்ததே இல்லையே. எனக்கென்ன பகை?"

"பாத்ததில்லையாம்! இருபது வருஷமா என் வயித்துல அடிக்கிறே. பெரிய கல்லு ஒண்ணு முகட்டுல நிக்குது பாரு, அதுக்கு அடியில குளிர்ச்சியா ஈரமா ஒரு பொந்து போட்டுக் கண்ணை மூடிக் கிடக்கணும்னு எனக்கு ஆசை. ஒரு வருஷம் முழுக்க மண்ணைத் தோண்டி அது காலடிக்கு வாறேன். நீ கடப்பாரையோட வந்து அதை ஒரு முழம் அந்தாண்ட தள்ளிட்டுப் போயிடுறே. மறுபடி தோண்டுறேன். மறுபடி தள்ளுறே. நான் உன் வீட்டு அடுப்பை இடிச்சேனா, கோழியைப் பிடிச்சேனா?"

"கல்லுதான் சறுக்கி உன் பக்கம் வருது. நான் அதை அதோட இடத்துல வைக்கிறேன்."

நண்டு இரண்டு கண்ணையும் நீட்டி அவளைப் பார்த்தது. "யாரு சொன்னா கல்லு சறுக்குதுன்னு?"

"எல்லாரும் சொல்றாங்க. மணியக்காரர் சொல்றார்."

"மணியக்காரர் தோண்டினாரா, நான் தோண்டினேனா? கல்லு அசையலைம்மா. முகடு போகுது. உங்க பக்கத்துல தண்ணி நடக்குது. நடக்குற தண்ணி மண்ணைத் தடவிக்கிட்டே போகும். எங்க பக்கத்துல தண்ணி விழுது. விழுற தண்ணிக்குப் பல்லு உண்டு. அது கீழே பாத்து ஓடுற மாதிரிதான் தெரியும். கடிக்கிறதெல்லாம் பின்னால, மலையைப் பாத்து. மழையில தண்ணி கடிக்கும், கோடையில நான் தோண்டுவேன். வருஷத்துக்கு ஒரு முழம் முகடு உங்க பக்கம் போகுது. நீங்க என்னடான்னா கல்லைத் தூக்கிக்கிட்டு முகடு பின்னாலயே ஓடுறீங்க."

சடைச்சி இடுப்பில் இருந்த குடத்தை இறக்கி வைத்தாள்.

"அந்த மனுஷனைக் கல்லாக்கின அன்னிக்கு நான் பக்கத்துப் பாறையிடுக்குல இருந்தேன்" என்றது நண்டு. "மந்திரவாதி சொன்னதைக் கேட்டேன். ஒரு முழம் ஏமாத்தினான், முகடு ஒரு முழம் நகர ஒரு வருஷம், ஒரு வருஷத் தண்டனைன்னு கணக்குப் போட்டேன். அடுத்த வருஷம் முதல் மழைக்கு அவன் எழுந்து போவான், அவன் நின்ன குழி நமக்குன்னு பாத்தேன். எங்கே? மழை வர்றதுக்கு நாலு நாள் முந்தி நீ வந்துட்டே."

சடைச்சி குடத்தை அங்கேயே விட்டுவிட்டு மேலே ஏறினாள். கல்லிடம் போகவில்லை, நேரே குடிசைக்குப் போனாள். குடிசைவாசலில் இருந்து கல் வரைக்கும் காலடியை எண்ணிக்கொண்டே நடந்தாள். மூக்கன் கல்லான முதல் வருஷம், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், இதே வழியை அவள் தினமும் எண்ணி எண்ணி நடந்திருக்கிறாள். அப்போது முப்பது காலடி. இப்போது பதினேழு.

வயது ஏற ஏற எல்லா வழியும் நீண்டுகொண்டு போகும். இந்த ஒரு வழி மட்டும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அது ஏன் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கல் சறுக்கி, சறுக்கின கல்லைப் பழைய இடத்திலேயே வைத்திருந்தால், வழி எப்படிக் குறையும்?

இருபது தழும்பையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். ஒரு வருஷத்தில் எழுந்திருக்க வேண்டிய மனிதரை அவளே இருபது தடவை திரும்பத் திரும்பச் சாபத்துக்குள் தள்ளியிருக்கிறாள், அதுவும் கவனமாக, கோணல் இல்லாமல். அழவில்லை. அழுதால் கல்லுக்குக் கேட்காது. கடப்பாரையை எடுத்துக் கூர் தீட்டி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மணியக்காரர்கள் வந்தார்கள். மேற்கே கடலுக்கு மேல் மேகம் கறுத்து நின்றது. வழக்கத்தைவிட நாலு நாள் முந்தி.

"சீக்கிரம் முடி, சடைச்சி. நனையாம இறங்கணும்" என்றார் சங்கிலிமாடர்.

"இந்த வருஷமும் சறுக்கிட்டான்" என்றார் கரைமேலழகர்.

சடைச்சி முதல் குடத்தை ஊற்றினாள்.

"நான் நகரலை, சடைச்சி."

"தெரியும்" என்றாள் சடைச்சி.

கல்லில் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாம் குடத்தை முகட்டில் ஊற்றினாள். ஒரு முழம் கிழக்கே தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த இடத்தில், கல்லை நெம்புவதற்குப் பதிலாக, கடப்பாரையை ஓங்கிக் குத்தி நட்டாள். மூன்றாம் குடத்தைக் கடப்பாரையின் மேல் ஊற்றினாள். பாதி மேற்கே, பாதி கிழக்கே.

"சரிதானா?" என்று கேட்டாள்.

மணியக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னம்மா விளையாட்டு இது?" என்றார் சங்கிலிமாடர். "கல்லை எடுத்து வை."

"எல்லை இதுதான் ஐயா. கடப்பாரை நிக்கிற இடம். உங்க மண்ணுல ஒரு சாண் குறையலை."

"எல்லைன்னா கல்லு. கடப்பாரையை எல்லைன்னு ராஜாகிட்டே போய் எப்படிச் சொல்வேன்? கல்லை எடு!"

"எடுக்கமாட்டேன். அது கல்லு இல்லை. என் வீட்டுக்காரர்."

"இருபது வருஷமா எடுத்தியே, அப்போ தெரியலையா உன் வீட்டுக்காரன்னு?"

"அப்போ அவர் நகர்ந்துட்டார்னு நெனச்சேன். அவர் நகரலை. முகடுதான் நகருது."

சங்கிலிமாடர் குடையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "கேட்டீரா அழகரே! மலை நடக்குதாம்!" சிரிப்பு முடிந்ததும் முகம் மாறியது. மேகம் பாதி வானத்துக்கு வந்திருந்தது. கல்லைத் தானே தொட்டால் தன் நாட்டுக்கு மலையே போய்விடும். அதனால் கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "உன் புருஷனுக்கு ஏத்த பொண்டாட்டிதான். மழை விழறதுக்குள்ள எடுக்கலேன்னா உனக்கும் அதே கதிதான். ஏ கரட்டுமாயா! ஓ கரட்டுமாயா! வெளியே வா! குடம் ஊத்துற குடும்பம் மறுபடி மோசம் பண்ணுது!"

மூன்று தடவை கூப்பிட்டார். மூன்றாவது கூப்பாட்டுக்குக் குகைவாசலை அடைத்திருந்த பாறை உருண்டது. கரட்டுமாயன் வந்தான். தாடி முழங்காலைத் தொட்டது. முகத்தில் தூக்கமும் கோபமும் இருந்தன.

சடைச்சி பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பித் துப்பினாள். பிறகு கல்லை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். தானும் கல்லாகப் போகிறோமோ என்று நினைத்தாள். அப்படி ஆனால் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம், ஆனால் அதற்குப் பிறகு அவர்களைத் தூக்கி வைக்கவும் நிறுத்தவும் வேறு யாராவது வருவார்கள்.

"தண்ணி எங்கே பிரிஞ்சுது?" என்றான் மந்திரவாதி.

"கடப்பாரை நிக்கிற இடத்துல."

"இன்னொரு தடவை கேட்கிறேன். எங்கே?"

"கடப்பாரைகிட்டே."

"மூணாந்தடவை. எங்கே?"

"நூறு தடவை கேட்டாலும் அங்கேதான். உமக்குக் காது கேக்காதா?"

கரட்டுமாயன் குனிந்து ஈரத்தைப் பார்த்தான். பிரம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டான். "பொய் இல்லையே. இதுக்கா கூப்பிட்டீங்க? சரி, அது என்ன, கல்லு மாதிரி?"

"என் வீட்டுக்காரர்."

"எந்த வீட்டுக்காரர்?"

"எத்தனை பேரைக் கல்லாக்கினீரு, மறந்துபோறதுக்கு? மூக்கன்!"

மந்திரவாதியின் வாய் திறந்தபடி நின்றது. "அவனா? அவன் ஒரு வருஷத்துல எழுந்திருக்கணுமே! ஒரு முழத்துக்கு ஒரு வருஷம்தானே போட்டேன்! எழுந்து போனவன் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கலையேன்னு, அந்தக் கோபத்துலதானே இருபது வருஷமா கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே கிடக்கிறேன்!"

"அவரு இங்கேயே நிக்கிறாரு. நாங்கதான் வருஷா வருஷம் நகர்த்தி வச்சோம்."

"ஒரு வார்த்தை என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே, பிள்ளே."

"நீரு ஒரு தடவை வெளியே வந்து எட்டிப் பாத்திருக்கலாமே."

இருவருமே சரியாகத்தான் கேட்டார்கள். வெளியே வந்து பார்க்காததற்கு அவனுக்கு ஒரு கோபம் காரணம், உள்ளே போய்க் கேட்காததற்கு அவளுக்கு ஒரு கோபம் காரணம். இடையில் நின்றவன் பேச முடியாத கல்.

"சாபத்தை எடும்" என்றாள் சடைச்சி.

"சொன்ன வார்த்தையை நான் எடுக்க முடியாது. மழைதான் எடுக்கும்."

சங்கிலிமாடர் நடுவில் வந்தார். "அதெல்லாம் உங்க வீட்டு விவகாரம். எனக்குக் கல் முகட்டுல இருக்கணும்."

"மலை நகரலேன்னுதானே ஐயா சொல்றீங்க?" என்றாள் சடைச்சி.

"மலை எப்படி நகரும்? பைத்தியக்காரத்தனம்."

"அப்ப கடப்பாரையை எல்லைன்னு ஒத்துக்கிறதுல உங்களுக்கு நட்டம் ஏதும் இல்லை. கல்லுக்கும் கடப்பாரைக்கும் நடுவுல இருக்கிற ஒரு முழத்தை எங்களுக்கு விட்டுடுங்க. இருபது வருஷமா உங்க ரெண்டு நாட்டுக்கும் நிக்கிறார். அதுக்காக."

சங்கிலிமாடர் அந்த ஒரு முழச் சரிவைப் பார்த்தார். ஆட்டுக்கு நிற்க இடம் இல்லை. மேகத்தைப் பார்த்தார். மந்திரவாதியின் பிரம்பைப் பார்த்தார். "எடுத்துக்கோ!" என்று கையை வீசினார். "ஒரு முழம் என்ன, இந்த முகடு நகர்ந்தா நகர்ந்த அத்தனையும் நீயே எடுத்துக்கோ. இந்தக் கல்லு நிக்கிற இடத்துலேருந்து கடப்பாரை வரைக்கும். எந்த ராஜாவும் உன்னைக் கேட்கமாட்டான். போதுமா?"

"சொன்னது சொன்னதுதான்" என்றான் கரட்டுமாயன். பிரம்பால் தரையில் ஒரு தட்டுத் தட்டினான்.

கரைமேலழகர் வெற்றிலையை மென்றுகொண்டே விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். திடீரென்று மெல்வதை நிறுத்தினார். "சடைச்சி, முகடு நிஜமாவே கிழக்கே வருதுன்னா, இந்த இருபது வருஷத்துல எங்க நாடு இருபது முழம்..." என்று தொடங்கினார்.

முதல் துளி விழுந்தது.

கல்லின் தலையில் விழுந்தது. ஒரு கோடு இழுத்து மேற்கே வழிந்தது. இரண்டாம் துளி கல்லின் கிழக்கு ஓரத்தில் விழுந்தது. துளி ஓரத்தில் தயங்கிற்று, மண்ணைத் தொட்டது, திரும்பி, கல்லின் காலைச் சுற்றிக்கொண்டு மேற்கே போயிற்று. மூன்றாம் துளியும் மேற்கே. பிறகு எண்ண முடியவில்லை. சாரல் அடித்தது. அத்தனை தண்ணீரும் சீறாற்றுப் பள்ளத்தைப் பார்த்து ஓடிற்று.

கல் தும்மியது.

கால் வந்தது, கை வந்தது, தலை வந்தது. மூக்கன் எழுந்து நின்றான். கல்லானபோது இருந்த அதே இருபத்தைந்து வயது. மூக்கின் நுனி மட்டும் இருபது வருஷ மழையில் தேய்ந்து மழுங்கிப் போயிருந்தது. கண்ணைத் திறந்து, எதிரில் நின்ற நரைத்த பெண்ணைப் பார்த்தான்.

"நீங்க யாரு?"

சடைச்சிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் சடைச்சி. "ஒரு எடத்துல நிக்க மாட்டீரான்னு வருஷா வருஷம் கேட்டவ."

குரலைக் கேட்டதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு மூக்கன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "இருபது தடவை, சடைச்சி. இருபது தடவையும் இடது பக்கத்துலேயேவா குத்துவே?"

"உமக்குச் செவலைப் பசு கேட்டுச்சு இல்ல?"

"அது எங்கே?"

"மூணாம் நாளே ஓடிப்போச்சு."

அவர்கள் குடிசைக்குப் போனார்கள். பதினேழு காலடி. கல் நின்ற குழியில் தண்ணீர் தேங்கியது. அன்றே கிழட்டு நண்டு அதில் இறங்கி, கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு, இருபது வருஷ ஆசை தீரக் கிடந்தது. கரட்டுமாயன் குகைவாசலைத் திரும்ப அடைக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தேனடை குடிசைவாசலில் வந்து உட்கார்ந்திருக்கும். சடைச்சி தேனை எடுத்துக்கொள்வாள். குகைக்கு எதிரில் துப்புவதையும் விடவில்லை.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் மூன்று குடம்தான். ஒரு முழம் கிழக்கே கடப்பாரையைப் பிடுங்கி நடுவார்கள், ஒரு நொடி வேலை. குழி நின்ற இடத்தில் நின்றது, கடப்பாரை போய்க்கொண்டே இருந்தது. ஒரு முழ நிலம் இரண்டு முழம் ஆயிற்று, மூன்று ஆயிற்று. தினை விதைத்தார்கள், அவரைக்கொடி ஏற்றினார்கள். சங்கிலிமாடர் ஒவ்வொரு வருஷமும் வந்து பார்த்துக் குடையை விரிப்பார், மடக்குவார், போய்விடுவார்.

முப்பது வருஷம் போயிற்று. ஒரு நாள் ஏரிநாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த மணியக்காரர் மலையேறி வந்தார். மழைக்கு முன்னால் ஏரிக்கரை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். முகட்டுக் குடிசையும் ஏரிநாட்டுக் குடிசைதான் என்று ஓலையில் இருந்தது. வந்து பார்த்தால், கடப்பாரை குடிசைக்குக் கிழக்கே நிற்கிறது. வாசலில் ஒரு கிழவியும், தலை நரைக்கத் தொடங்கிய மழுங்கின மூக்குக்காரர் ஒருவரும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

மணியக்காரர் ஓலையைப் பார்த்தார். கடப்பாரையைப் பார்த்தார். குடிசையைப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டார்.

"இது எங்க நாட்டுல இல்ல இருந்துது? நீங்க எப்போ எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தீங்க?"

இருவரும் அவரைக்காயிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நாங்க நகரலை" என்றார்கள்.

கதை இத்தோடு முடிகிறது. முகடு முடியவில்லை. அது இன்னும் கிழக்கே, நடையாறு பிறக்கிற ஊற்றைப் பார்த்து, வருஷத்துக்கு ஒரு முழம் போய்க்கொண்டிருக்கிறது. சேருகிற அன்று நடையாறு எந்தக் கடலுக்குப் போகும் என்பதை அன்றைக்கு இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.